காது மங்கினால் நினைவு மங்குமா?

(பங்கின் யூபிலி ஆண்டையொட்டி நடந்த முதியோர் கூட்டத்தில் ஆற்றிய உரை)

 

யூபிலி ஆண்டில் முதியோருக்கென ஒரு நாளை ஒதுக்கியிருக்கிறீர்கள். இது மிகவும் பொருத்தமானது. ஒரு பங்கின் வரலாற்றில் பாதி பதிவேடுகளில் இருக்கிறது. மறுபாதி முதியோரின் நினைவில் இருக்கிறது. எந்தக் குடும்பம் எந்த ஊரிலிருந்து வந்து குடியேறியது, பழைய கோவிலின் கூரை எப்போது ஓடாக மாறியது, பஞ்ச காலத்தில் யார் வீட்டு வாசலில் கஞ்சி ஊற்றினார்கள் என்பவையெல்லாம் ஏட்டில் ஏறாத செய்திகள். அந்த நினைவைக் காப்பாற்றுவது எப்படி என்பதே எனக்குக் கொடுக்கப்பட்ட பொருள். நினைவைப் பற்றிப் பேச வந்தவன் மூளையை விட்டுவிட்டுக் காதைப் பற்றித் தொடங்குகிறானே என்று நீங்கள் நினைக்கலாம். அதன் காரணம் போகப்போக விளங்கும்.

வீடுகளில் நடப்பது

நம் வீடுகளில் சாதாரணமாக நடக்கும் ஒன்றை எடுத்துக்கொள்வோம். பேரன் வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே, "அப்பத்தா, கடைக்குப் போறேன், மருந்துச் சீட்டு எங்க?" என்கிறான். அடுப்படியில் மிக்சி ஓடுகிறது. அப்பத்தா, "வடை இன்னும் போடலப்பா" என்கிறார். வீடே சிரிக்கிறது. இப்படி நாலைந்து முறை நடந்ததும், "அப்பத்தாவுக்கு மறதி வந்துருச்சு, புத்தி தடுமாறுது" என்று தீர்ப்பு எழுதிவிடுகிறோம். அதன் பிறகு அவரிடம் யாரும் எதையும் கேட்பதில்லை. பேத்தியின் கல்யாணப் பேச்சு நடக்கும்போதுகூட, "அவங்களுக்கு எங்க கேக்கப் போகுது, அப்புறம் சொல்லிக்கலாம்" என்று ஒதுக்கிவிடுகிறோம். அவரும் கேட்டுக் கேட்டு அலுத்து, சிரிப்புக்கு ஆளாக மனமில்லாமல், எதற்கும் தலையை ஆட்டிவிட்டுத் திண்ணையில் போய் உட்கார்ந்துகொள்கிறார். சில ஆண்டுகள் கழித்து அவருக்கு உண்மையிலேயே மறதி தொடங்குகிறது. "நான் அப்பவே சொன்னேன்ல" என்று நாமும் சொல்லிக்கொள்கிறோம்.

இந்தக் கதையில் முதலில் கெட்டது எது? நினைவா, காதா? 'கடை' என்பது 'வடை' என்று விழுந்தது காதில் வந்த குறை. அதை நாம் மறதி என்று பெயரிட்டு அழைத்தோம். இன்றைய பேச்சின் சாரத்தை இப்போதே சொல்லிவிடுகிறேன்: முதியவர் ஒருவருக்கு மறதி என்று முடிவு கட்டுமுன் அவருடைய காதைச் சோதித்துப் பாருங்கள். காதுக் குறையைக் கவனிக்காமல் விட்டால், அது நினைவுக்கும் கேடு செய்யக்கூடும்.

சத்தம் கேட்கிறது, சொல் கேட்கவில்லை

காதின் அமைப்பைச் சுருக்கமாகப் பார்ப்போம். ஒலி செவிப்பறையில் மோதுகிறது. சுத்தி, பட்டடை, அங்கவடி என்ற மூன்று சின்னஞ்சிறு எலும்புகள் அந்த அதிர்வை உள்ளே கடத்துகின்றன. உள்ளே நத்தைக் கூடு போலச் சுருண்ட ஓர் உறுப்பு உண்டு. அதற்கு நத்தை எலும்பு என்றே பெயர். அதற்குள் ஒவ்வொரு காதிலும் சுமார் 15,000 மயிரிழை அணுக்கள் வரிசையாக நிற்கின்றன. அதிர்வை நரம்பு மொழியாக மாற்றுவது இவற்றின் வேலை. தோல் கீறினால் வளர்கிறது, எலும்பு முறிந்தால் கூடுகிறது. ஆனால் மனிதக் காதில் மயிரிழை அணு ஒன்று செத்துவிட்டால் அது மறுபடி முளைப்பதில்லை.

நத்தை எலும்பின் வாசல் பக்கத்தில் உயர்ந்த சுருதிகளும், உள்ளே போகப்போகத் தாழ்ந்த சுருதிகளும் உணரப்படுகின்றன. வயதாகும்போது வாசல் பக்கம்தான் முதலில் கெடுகிறது. ஆகவே உயர்ந்த சுருதிகள் முதலில் மறைகின்றன. இதனால் பேச்சுக்கு என்ன ஆகிறது என்பதை நம் தமிழ் எழுத்துக்களைக் கொண்டே விளக்கலாம். ஆ, ஓ, ஐ போன்ற உயிரெழுத்துக்கள் உரத்தவை, நீண்டவை, சுருதியில் தாழ்ந்தவை. அவை காதில் விழுந்துவிடும். ச, ட, த, க போன்ற எழுத்துக்களின் ஓசை மெல்லியது, கணப்பொழுதில் மறைந்துவிடுவது, அதில் பெரும்பகுதி சுருதியில் உயர்ந்தது. இலக்கணத்தில் இவை வல்லினம். முதிய காதுக்கோ இவைதான் மிகவும் மெலிந்தவை. கடை, தடை, படை, சடை, வடை ஆகிய ஐந்து சொற்களிலும் முதல் எழுத்தின் மெய்யோசை உதிர்ந்துவிட்டால் மிஞ்சுவது ஒன்றேதான். எந்தச் சொல் என்பதை முதியவர் ஊகித்துத்தான் ஆகவேண்டும்.

எனவே ஒரு பெரியவர், "சத்தம் கேக்குது, என்ன சொல்றேன்னுதான் புரியல" என்று சொன்னால், அதைச் சாக்குப்போக்கு என்று எண்ணாதீர்கள். தம் காதின் நிலையை அவர் மிகச் சரியாகச் சொல்லியிருக்கிறார். குழந்தைகள், பெண்கள் பேச்சைவிட ஆண்களின் கனத்த குரல் அவருக்குத் தெளிவாக விழுவதற்கும் இதுவே காரணம். "மகன் சொன்னா மட்டும் கேக்குது, நான் சொன்னா கேக்கமாட்டேங்குது" என்று மருமகள் மனம் வருந்துவது உண்டு. குற்றம் மாமியாரின் மனத்தில் இல்லை, சுருதியில் இருக்கிறது.

இன்னொன்றும் உண்டு. "கேக்கல" என்பார், கொஞ்சம் கூட்டிச் சொன்னால் "ஏன் கத்துற?" என்பார். இது முரண்டு அல்ல. மயிரிழை அணுக்களில் ஒரு வகை, மெல்லிய ஒலியைப் பெரிதாக்கிக் கொடுக்கும் வேலையைச் செய்கிறது. அவை அழிந்தால் மெல்லிய ஒலி கேட்காது. உரத்த ஒலியோ எப்போதும்போல் உரக்கவே கேட்கும். இரண்டுக்கும் நடுவிலுள்ள இடைவெளி சுருங்கிப் போகிறது. ஆதலால் கத்துவதால் பயன் இல்லை.

காதுக்குப் பின்னால் மூளை

கேட்பது என்பது காதோடு முடிந்துவிடுவதில்லை. ஒவ்வொரு காதிலிருந்தும் சுமார் 30,000 நரம்பு இழைகள் மூளைக்குச் செல்கின்றன. இடது காதுக்கும் வலது காதுக்கும் ஒலி வந்து சேரும் நேரத்தில், ஒரு நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவான வித்தியாசம் இருக்கும். அதைக்கூட மூளை கணக்கிட்டு, பேசுபவர் எந்தப் பக்கம் நிற்கிறார் என்று அறிகிறது. கல்யாணப் பந்தலில் நூறு பேர் பேசும்போது எதிரில் இருப்பவர் பேச்சை மட்டும் பிரித்து எடுப்பதும் இந்தக் கணக்கினால்தான். வயது ஏறும்போது இந்த நேரக் கணக்கு தளர்கிறது. வேண்டாத ஒலியை அடக்கிவைக்கும் நரம்புகளின் ஆற்றலும் குறைகிறது.

2009-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஹார்வர்டு மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த குஜாவா, லிபர்மன் என்ற இரு அறிஞர்கள் எலிகளிடம் ஓர் உண்மையைக் கண்டார்கள். கடும் இரைச்சலுக்குப் பிறகு மயிரிழை அணுக்கள் உயிரோடு இருந்தாலும், அவற்றுக்கும் நரம்புக்கும் உள்ள இணைப்புகள் அறுந்துபோகின்றன என்பதே அது. இப்படிப்பட்ட காதை அமைதியான அறையில் சோதித்தால் 'நன்றாகக் கேட்கிறது' என்று வரலாம். இரைச்சலில்தான் குறை வெளிப்படும். "ஆஸ்பத்திரியில காது நல்லா இருக்குன்னு சொல்லிட்டாங்க, கூட்டத்துல மட்டும் ஒண்ணும் விளங்கல" என்று சிலர் சொல்வதற்கு இது ஒரு விளக்கமாகலாம்.

கடைமடை காய்வது ஏன்?

இனி நினைவுக்கு வருவோம். நம் பள்ளத்தாக்கில் வயல் வைத்திருப்பவர்களுக்கு இதை எளிதாக விளக்கலாம். முல்லைப் பெரியாற்றுத் தண்ணீர் வாய்க்காலில் வருகிறது. தலைமடைக்காரர் மிகுதியாக எடுத்துக்கொண்டால் கடைமடை வயல் காய்ந்துபோகும். வாய்க்காலில் வந்த தண்ணீரின் அளவு ஒன்றுதான். மூளையின் கவனமும் அப்படித்தான். அது ஓர் அளவுக்கு உட்பட்டது. சொல் தெளிவாக விழுந்தால், கவனத்தில் சிறு பங்கு அதைப் புரிந்துகொள்ளச் செலவாகும்; மீதி அதை நினைவில் பதிக்கப் போகும். சொல் சிதைந்து விழுந்தால், 'கடையா, வடையா, படையா?' என்று ஊகிப்பதிலேயே கவனம் தீர்ந்துவிடும். கடைமடையாகிய நினைவுக்கு ஒன்றும் போய்ச் சேராது.

இது வெறும் உவமை அல்ல. அமெரிக்காவில் பிராண்டைஸ் பல்கலைக்கழகத்தில் ஆர்தர் விங்ஃபீல்டும் அவருடைய குழுவினரும் 2005-இல் வெளியிட்ட சோதனை ஒன்று உண்டு. முதியவர்களுக்குச் சொற்களை ஒவ்வொன்றாக ஒலிக்கச் செய்து, இடையில் நிறுத்தி, கடைசி மூன்று சொற்களைச் சொல்லச் சொன்னார்கள். காது நன்றாக இருந்தவர்கள், காது சற்று மந்தமானவர்கள் ஆகிய இரு சாராரும் கடைசிச் சொல்லைச் சரியாகவே சொன்னார்கள். ஆகவே சொல் காதில் விழுந்தது என்பதில் ஐயமில்லை. ஆனால் அதற்கு முந்திய இரண்டு சொற்களை, காது மந்தமானவர்கள் குறைவாகவே நினைவில் வைத்திருந்தார்கள். கேட்பதற்குப் பட்ட பாடு, நினைவில் வைக்கும் ஆற்றலைத் தின்றுவிட்டது. பூசையில் வாசகமும் மறையுரையும் ஒன்றுவிடாமல் கேட்டும், வெளியே வந்தபின் என்ன சொன்னார்கள் என்று சொல்ல முடியவில்லை என்று வருந்தும் பெரியவர்கள் இதைக் கவனிக்கவேண்டும்.

ஆராய்ச்சிகள் சொல்வது

காது மங்குவதற்கும் மறதி நோய்க்கும் தொடர்பு உண்டா என்ற கேள்வியை மருத்துவ உலகம் தீவிரமாக ஆராய்ந்து வருகிறது. அமெரிக்காவின் பால்டிமோர் நகரைச் சார்ந்த நீண்டகால ஆய்வு ஒன்றில் 639 பேரைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்து, 2011-இல் டாக்டர் ஃபிராங்க் லின் முடிவை வெளியிட்டார். காது நன்றாக இருந்தவர்களோடு ஒப்பிட்டால், கேள்விக் குறை லேசாக இருந்தவர்களுக்கு மறதி நோய் வரும் வாய்ப்பு சுமார் 2 மடங்காகவும், நடுத்தரமாக இருந்தவர்களுக்கு 3 மடங்காகவும், கடுமையாக இருந்தவர்களுக்கு 5 மடங்காகவும் இருந்தது. 'லான்செட்' மருத்துவ இதழ் அமைத்த அறிஞர் குழு 2024-இல் வெளியிட்ட அறிக்கையில், நாம் முயன்றால் மாற்றக்கூடிய 14 காரணங்களைப் பட்டியலிட்டுள்ளது. அவையனைத்தையும் சரிசெய்தால் உலகில் மறதி நோயில் 45 சதவீதம் வரை தடுக்கவோ தள்ளிப்போடவோ இயலும் என்பது அதன் கணிப்பு. அந்த 14-இல் மிகப் பெரிய பங்குடையவற்றில் காது கேளாமையும் ஒன்று.

இதைக் கேட்டு யாரும் அஞ்சவேண்டாம். காது மந்தமான எல்லாருக்கும் மறதி நோய் வரும் என்று பொருள் அல்ல. இந்தியாவில் முதியோரைப் பற்றி நடந்த பெரிய ஆய்வின்படி, 60 வயதைக் கடந்தவர்களில் 7.4 சதவீதத்தினருக்கு, அதாவது சுமார் 88 லட்சம் பேருக்கு, மறதி நோய் இருப்பதாக 2023-இல் மதிப்பிட்டார்கள். நூற்றுக்கு 92 பேருக்கு மேல் அந்த நோய் இல்லாதவர்கள் என்பதையும் சேர்த்தே நினைவில் வையுங்கள்.

காதுக் கருவி அணிந்தால் நினைவு காக்கப்படுமா? அதே 2023-இல், 70 முதல் 84 வயது வரையிலான 977 பேரைக் கொண்டு அமெரிக்காவில் மூன்றாண்டு நடந்த சோதனையின் முடிவு வந்தது. எல்லாரையும் சேர்த்துப் பார்த்தபோது பெரிய வேறுபாடு தெரியவில்லை. ஆனால் இதய நோய், சர்க்கரை போன்றவற்றால் ஏற்கெனவே ஆபத்து மிகுந்திருந்த ஒரு பிரிவினரிடம், கருவி அணிந்தவர்களுக்கு அறிவுத்திறன் குறையும் வேகம் 48 சதவீதம் மட்டுப்பட்டது. கருவி ஒரு மந்திரக்கோல் அல்ல. ஆயினும் யாருக்கு ஆபத்து அதிகமோ அவர்களுக்குப் பயன் உண்டு என்ற நம்பிக்கைக்கு இடம் இருக்கிறது.

எது சாதாரண மறதி?

பெயர் நாக்கு நுனியில் நின்று, பத்து நிமிடம் கழித்து வருவது முதுமையின் இயல்பு. மூக்குக் கண்ணாடியை எங்கே வைத்தோம் என்று தேடுவதும் இயல்பே. ஆனால் பழகிய தெருவில் வழி தெரியாமல் நிற்பது, சாப்பிட்டதையே மறந்து மறுபடி சாப்பாடு கேட்பது, ரூபாய் எண்ணத் தெரியாமல் போவது, ஒரே கேள்வியைக் கால்மணி நேரத்தில் ஐந்து முறை கேட்பது ஆகியவை மருத்துவரிடம் காட்டவேண்டிய அறிகுறிகள்.

காதா, நினைவா என்று வீட்டிலேயே ஓரளவு பிரித்துப் பார்க்கலாம். மின்விசிறியையும் டி.வி.யையும் நிறுத்திவிட்டு, முகத்துக்கு நேராக உட்கார்ந்து, ஒரு செய்தியை நிதானமாகச் சொல்லுங்கள். அவரைத் திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள். பத்து நிமிடம் வேறு பேசிவிட்டு மறுபடி கேளுங்கள். அப்போது சரியாகச் சொன்னால், குறை பெரும்பாலும் காதில் இருக்கிறது. முதலில் சரியாகச் சொல்லிப் பத்து நிமிடத்தில் மறந்தால், நினைவைப் பற்றி மருத்துவரிடம் கேட்கவேண்டும்.

அழியாமல் நிற்பவை

மூளையின் இரு பக்கத்திலும் உள்ளே கடற்குதிரை வடிவில் ஒரு பகுதி இருக்கிறது. ஹிப்போகாம்பஸ் என்ற அதன் பெயருக்கே கடற்குதிரை என்றுதான் பொருள். புதிய நினைவுகள் பதிவதற்கு அது இன்றியமையாதது. அமெரிக்காவில் ஹென்றி மோலைசன் என்பவருக்கு 1953-இல் வலிப்பு நோய்க்காக அந்தப் பகுதியை அகற்றினார்கள். அதன்பின் 2008-இல் இறக்கும்வரை அவரால் புதிதாக எதையும் மனத்தில் நிறுத்த இயலவில்லை. ஆனால் சிறுவயது நிகழ்ச்சிகள் அவர் நினைவில் இருந்தன. அல்சைமர் என்ற மறதி நோய் முதலில் தாக்கும் இடங்களில் இந்தப் பகுதியும் ஒன்று. ஆகவேதான் காலையில் யார் வந்தார் என்பது மறந்துபோக, ஐம்பது ஆண்டுக்கு முந்திய செய்தி தெளிவாக நிற்கிறது.

இதை நம் கோவிலிலேயே காணலாம். 1962 முதல் 1965 வரை நடந்த இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பின்னரே திருப்பலி முழுமையாகத் தமிழுக்கு வந்தது. 1950-க்கு முன் பிறந்தவர்கள் லத்தீன் பூசையில் வளர்ந்தவர்கள். அவர்களில் சிலர் நோயுற்றுப் பிள்ளைகளின் பெயரையே மறந்த நிலையிலும், செபமாலை தொடங்கியவுடன், சிறுவயதில் மனப்பாடம் செய்த பழைய வாசகத்தில் பிசகில்லாமல் செபிப்பார்கள். அருகில் இருப்பவர்கள் "இப்ப அப்படிச் சொல்றதில்ல" என்று திருத்தவேண்டாம். உங்கள் வாசகத்தை நிறுத்தி, அவருடையதையே கூடச் சொல்லுங்கள்.

பாட்டும் அப்படித்தான். ஜெர்மனியில் லைப்சிக் நகரத்து மாக்ஸ் பிளாங்க் நிறுவனத்தார் 2015-இல் வெளியிட்ட ஆய்வின்படி, நெடுநாள் பழகிய இசையை நினைவில் வைக்கும் மூளைப் பகுதிகள் அல்சைமர் நோயில் மற்றப் பகுதிகளைவிடக் குறைவாகவே சேதமடைகின்றன. பத்து முதல் முப்பது வயதுக்குள் கேட்டவை மற்றவற்றைவிட ஆழமாகப் பதிகின்றன என்பதும் அறிஞர் கருத்து. நம் பண்ணைப்புரத்தில் பிறந்த இளையராஜா இசையமைத்த முதற்படம் 'அன்னக்கிளி' வெளிவந்தது 1976-இல். அன்று இருபது வயது இளைஞராக அந்தப் பாடல்களைக் கேட்டவர்கள் இன்று முதியோர். பேச்சு நின்றுபோன இடத்தில் பாட்டைத் தொடங்கிப் பாருங்கள். பல வேளைகளில் அவர்கள் கூடச் சேர்ந்து பாடுவார்கள்.

இன்னொரு செய்தி நம் பள்ளத்தாக்குக்கு மகிழ்ச்சி தருவது. ஹைதராபாத் நிஜாம் மருத்துவ விஞ்ஞான நிறுவனத்தில் டாக்டர் சுவர்ணா அல்லாடியும் மற்றவர்களும் மறதி நோயாளிகள் 648 பேரை ஆராய்ந்து 2013-இல் எழுதினார்கள். இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட மொழி பேசியவர்களுக்கு, ஒரே மொழி பேசியவர்களைவிடச் சுமார் நாலரை ஆண்டு தாமதமாகவே நோய் தொடங்கியிருந்தது. பள்ளிக்கூடமே போகாதவர்களிடமும் இந்த வேறுபாடு இருந்தது. வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசி, தெருவில் தமிழ் பேசி, ஏலத் தோட்ட வேலைக்குக் குமுளியும் கம்பம்மெட்டும் ஏறி மலையாளம் பழகியவர்கள் நம்மிடையே எத்தனை பேர்! அந்த மொழிகளில் அவர்களோடு தொடர்ந்து பேச ஆள் இருக்கவேண்டும்.

காதைக் கெடுப்பவை, காப்பவை

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, 60 வயதைக் கடந்தவர்களில் நால்வருக்கு ஒருவருக்கு மேல் வாழ்க்கைக்கு இடையூறான காதுக் குறை உண்டு. முதுமையோடு வேறு காரணங்களும் சேர்கின்றன. அவற்றில் மிக எளியது காதில் அடைத்த குறும்பி. மருத்துவர் சில நிமிடத்தில் எடுத்துவிடுவார். கோழி இறகு, ஊக்கு, தீக்குச்சி ஆகியவற்றால் குடைவதும், காய்ச்சிய எண்ணெய் ஊற்றுவதும் கூடாது. சர்க்கரையும் இரத்தக் கொதிப்பும் காது நரம்பைத் தாக்கக்கூடும். காசநோய்க்குப் போடப்பட்ட ஸ்ட்ரெப்டோமைசின் ஊசியால் காது மந்தமானவர்களும் உண்டு. ஒரு காது திடீரென்று ஒரே நாளில் அடைத்துக் கேட்காமல் போனால், அது அவசர நோய். நாள் கடத்தாமல் காது மருத்துவரிடம் போகவேண்டும்.

இரைச்சல் பெரும் பகைவன். 85 டெசிபல் ஒலியில் நாளொன்றுக்கு 8 மணி நேரம்தான் இருக்கலாம். 100 டெசிபலில் கால்மணி நேரமே என்பது அமெரிக்கத் தொழில் சுகாதார நிறுவனத்தின் அளவு. ஆண்டிபட்டி சக்கம்பட்டியிலும் டி. சுப்புலாபுரத்திலும் விசைத்தறி ஓட்டியவர்கள், பஞ்சாலையிலும் அரவை மில்லிலும் வேலை பார்த்தவர்கள் ஆகியோருக்கு ஐம்பது வயதிலேயே காதுச் சோதனை தேவை. இளையோருக்கு இன்றே காதடைப்பான் தேவை. திருவிழாக்களில் குழாய் ஒலிபெருக்கியின் கீழே சிறு பிள்ளைகளை நிறுத்தாதீர்கள். இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை திறந்த வெளியில் ஒலிபெருக்கி வைக்கக் கூடாது என்பது மத்திய அரசு 2000-ஆம் ஆண்டில் கொண்டுவந்த விதி. நம் கோவில் திருவிழாவுக்கும் அது பொருந்தும்.

சோதனைக்கு வெகுதூரம் போகவேண்டியதில்லை. க. விலக்கில் உள்ள தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் காது மூக்குத் தொண்டைப் பிரிவு இருக்கிறது. வருமானம் குறைந்த முதியோருக்கு உபகரணங்கள் வழங்க மத்திய அரசு 2017-இல் தொடங்கிய வயோஸ்ரீ திட்டத்தில் காதுக் கருவியும் ஒன்று. கருவி வாங்கிய பலர் ஒரே வாரத்தில் அதை பீரோவுக்குள் வைத்துவிடுகிறார்கள். கண்ணாடி போட்டவுடன் எழுத்துத் தெரிவதுபோலக் கருவி போட்டவுடன் பேச்சுத் தெளிவதில்லை. பல ஆண்டுகள் கேட்காத தட்டுச் சத்தமும் விசிறிச் சத்தமும் ஒரேயடியாகத் திரும்பி வரும்போது மூளை திணறுகிறது. அமைதியான அறையில் ஒருவரோடு பேசுவதில் தொடங்கி, சில வாரங்கள் பொறுமையாகப் பழகினால், தேவையானதை எடுத்து மற்றதைத் தள்ள மூளை மறுபடி கற்றுக்கொள்ளும். முதல் மாதம் வீட்டார் ஊக்கம் கொடுக்கவேண்டும்.

நாம் செய்யக்கூடியவை

வீட்டில் முதலாவது, கத்தாமல் நிதானமாகப் பேசுங்கள். தளர்ந்த நேரக் கணக்குக்கு வேண்டியது அவகாசம். இரண்டாவது, முகத்தில் வெளிச்சம் விழும்படி எதிரில் வந்து, பெயரையோ முறையையோ சொல்லி அழைத்து, பிறகு செய்தியைச் சொல்லுங்கள். மூன்றாவது, புரியவில்லை என்றால் அதே சொல்லைத் திரும்பத் திரும்பச் சொல்லாமல் வேறு சொல்லால் சொல்லுங்கள். நான்காவது, "ஒண்ணுமில்ல, விடுங்க" என்று மட்டும் சொல்லாதீர்கள். அந்த ஒரு சொல் பல முதியவர்களைத் திண்ணைக்கு அனுப்பியிருக்கிறது.

ஐந்தாவதை அழுத்திச் சொல்கிறேன். தலையாட்டுவது சம்மதம் ஆகாது. மருத்துவர் மாத்திரையின் அளவைச் சொல்லும்போதும், பத்திரத்தில் கையெழுத்தோ கைரேகையோ வாங்கும்போதும், கேட்காத பெரியவர் மரியாதைக்காகத் தலையாட்டிவிடுவார். "நான் சொன்னதைத் திருப்பிச் சொல்லுங்க ஐயா" என்று கேட்டு உறுதிசெய்யாமல் விடுவது அநீதியில் போய் முடியலாம்.

கோவிலிலும் செய்யவேண்டியவை உண்டு. உயர்ந்த காங்கிரீட் கூரையும் வெறும் சுவரும் ஒலியை எதிரொலித்து, ஒரு சொல்லின் வால் அடுத்த சொல்லின் தலைமேல் விழச் செய்கின்றன. இளம் காது அதைப் பிரித்துக்கொள்ளும். முதிய காதால் இயலாது. ஒலியைக் கூட்டினால் எதிரொலியும் கூடும். பீடத்தருகே பெரிய ஒலிபெருக்கி இரண்டு வைப்பதைவிட, தூண்கள்தோறும் சிறியவற்றைத் தாழ்ந்த ஒலியில் வைப்பது நல்லது. வாசகம் வாசிப்பவர்கள் முற்றுப்புள்ளியில் நிற்கவேண்டும். மைக் வாயை மறைக்கக் கூடாது. பாட்டு எண்ணையும் வாசகப் பகுதியையும் பலகையில் பெரிய எழுத்தில் எழுதலாம். முன்வரிசை இருக்கைகளை முதியோருக்கு ஒதுக்கலாம். பாவசங்கீர்த்தனத்துக்குக் காது கேளாதவர் வரத் தயங்குவதன் காரணத்தையும் எண்ணிப்பாருங்கள். குருவானவர் மெல்லப் பேசினால் அவருக்குக் கேட்காது. உரக்கப் பேசினால் வரிசையில் நிற்பவர்களுக்கெல்லாம் கேட்கும். கதவுள்ள தனி அறை ஒன்றும், குறித்த ஒரு நேரமும் இருந்தால் இந்தச் சங்கடம் தீரும்.

இளைஞர்களுக்கு ஒரு வேண்டுகோளுடன் முடிக்கிறேன். இந்த யூபிலி ஆண்டில் இருவர் இருவராகச் சேர்ந்து, உங்கள் அன்பியத்தில் உள்ள முதியவர் ஒருவரை மாதம் ஒருமுறை போய்ப் பாருங்கள். டி.வி.யை நிறுத்தச் சொல்லுங்கள். எதிரில் உட்காருங்கள். பழைய கோவிலைப் பற்றியும், அன்றைய திருவிழாவைப் பற்றியும், மலைத் தோட்டத்து வாழ்க்கையைப் பற்றியும் ஒவ்வொரு கேள்வியாகக் கேட்டு எழுதி வையுங்கள். பதில் வரக் கொஞ்சம் நேரமாகும், காத்திருங்கள். அவர்களுக்கு மருந்தாகவும் பங்குக்கு வரலாறாகவும் அது அமையும். போகும்போது, அவர்கள் காதைச் சோதித்து எத்தனை நாளாயிற்று என்பதையும் மறவாமல் கேட்டு வாருங்கள்.